குருவிப்பாறைப்பட்டி ஃபுல்பேக்

கருத்தக்கண்ணன் கழுத்தில் முதன்முதலாக மாலை விழுந்தது மதுரை ரயில் நிலையத்தில். 1973-ஆம் வருடம், ஆவணி மாதத்து ஒரு காலை. பெங்களூரில் மில்களுக்குள் நடந்த ஹாக்கிப் போட்டியில் கோப்பையை ஜெயித்துவிட்டு அணி திரும்பியிருந்தது. மில்லின் லேபர் ஆபீசர் மாலைகளோடு பிளாட்பாரத்துக்கு வந்திருந்தார். ஆட்டக்காரர்கள் பதினாலு பேர், மாலைகள் பதிமூன்று. வரிசையின் கடைசியில் கால் பேடுகள் திணித்த சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற கோல்கீப்பர் சின்னக்கருப்பனிடம் வந்தபோது ஆபீசரின் கையில் ஒன்றுமில்லை.

"ஒண்ணு கொறஞ்சுபோச்சு போலயே" என்று அவர் சிரித்தார்.

கருத்தக்கண்ணன் தன் மாலையைக் கழற்றி சின்னக்கருப்பன் கழுத்தில் போட்டான். யோசித்துச் செய்த காரியமில்லை. இறுதி ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் பந்து கோல் பக்கம் வந்தபடியே இருந்தது. வந்த ஒவ்வொன்றையும் சின்னக்கருப்பன் காலால் உதைத்து வெளியே தள்ளினான். அவனுக்கு மாலை இல்லையென்றால் யாருக்கும் இல்லை என்பது கருத்தக்கண்ணனுக்குத் தெரிந்த நியாயம். அப்போது அவனுக்கு வயது இருபத்தாறு.

இருவரும் ஒரே ஊர். கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே, திருச்சி ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே போனால் குருவிப்பாறைப்பட்டி. கருத்தக்கண்ணன் மேலத்தெருக்காரன். அவன் அப்பா சோணைக்குக் கிணற்றுப் பாசனத்தில் நாலு ஏக்கர் இருந்தது. அந்த நாலு ஏக்கரில் கூலிக்கு வேலை பார்த்தவர் சின்னக்கருப்பனின் அப்பா. அவர்கள் வீடு ஊரைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியில். மேலூரில் ஹைஸ்கூல் படிக்கப் போன இடத்தில்தான் இருவர் கையிலும் மட்டை ஏறியது. கோலில் நிற்க யாரும் முன்வராததால் காலனிப் பையனை அங்கே நிறுத்தினார்கள். அவன் வெறுங்காலோடு நின்று பந்தை மறித்தான். கருத்தக்கண்ணனுக்குத் தோள் அகலம், அடித்தால் பந்து பாதி மைதானம் போகும். அவனை ஃபுல்பேக்காக, கோலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அன்றைக்கு அமைந்த அந்த இடம் பதினைந்து வருடம் மாறவில்லை.

1968-இல் மதுரை மில் ஒன்று இருவரையும் சேர்த்துக்கொண்டது. பெயர் நூல்பிரிவில் இருக்கும், வேலை மைதானத்தில். காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி, சாயங்காலம் ஒரு ஆட்டம், மாதத்துக்கு ஒரு முறை கோவில்பட்டி, திருச்சி, மெட்ராஸ் என்று பயணம். ஆரப்பாளையத்தில் ஒரு அறை எடுத்துச் சேர்ந்து தங்கினார்கள். ஒரே பானையில் பொங்கி, ஒரே சட்டியில் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். "மாப்ள" என்றால் இருவரும் திரும்புவார்கள்.

ஆட்டத்தில் சின்னக்கருப்பன் பின்னால் நின்று குரல் கொடுப்பான். "எடு" என்றால் கருத்தக்கண்ணன் பாய வேண்டும். "விடு" என்றால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். திரும்பிப் பார்க்க நேரமிருக்காது, குரலை நம்பித்தான் கால் நகர வேண்டும். அம்மாதிரி ஒரு மனிதனை நம்புவது தன் வாழ்க்கையில் வேறெங்கும் நடக்கவில்லை என்று கருத்தக்கண்ணன் பிற்காலத்தில் நினைத்துக்கொள்வான்.

ஆனால் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகும்போது, பஸ் மேலூரைத் தாண்டியதும் சின்னக்கருப்பனிடமிருந்து அந்த "மாப்ள" நின்றுவிடும். வேறு எந்த வார்த்தையும் அந்த இடத்துக்கு வராது. எதையும் சொல்லி அழைக்காமலே பேசுவான். ரோட்டில் இறங்கியதும், "நான் இப்பிடி வரப்போட போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் நடப்பான். கருத்தக்கண்ணன் மேலத்தெரு வழியே போவான். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

1974-இல் பாட்டியாலாவில் நடந்த இந்திய அணிப் பயிற்சி முகாமுக்குக் கருத்தக்கண்ணனை அழைத்தார்கள். ஜில்லாவே பேசியது. பேப்பரில் படம் வந்தது. ஆறு வாரம் அந்தக் குளிரில், புரியாத பாஷையில், ரொட்டியைத் தின்றுகொண்டு ஓடினான். ஆறாவது வாரக் கடைசியில் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அதில் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. இவன் மூன்று தடவை மேலிருந்து கீழாகப் படித்தான். எதனால் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, இவனுக்குக் கேட்கவும் பாஷை இல்லை. மதுரைக்குத் திரும்பியபோது பிளாட்பாரத்தில் சின்னக்கருப்பன் மட்டும் நின்றான். பெட்டியை வாங்கிக்கொண்டு, "மொச்சைக் கொழம்பு வச்சிருக்கேன் மாப்ள, வா" என்றான். அவ்வளவுதான் விசாரித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்தது. வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. 1979-இல் மில் கைமாறியது. புதிய முதலாளி அணியைக் கலைத்தார். கருத்தக்கண்ணனை நூல் சுற்றும் பிரிவுக்கும் சின்னக்கருப்பனை பஞ்சுக் கிடங்குக்கும் அனுப்பினார்கள். மூன்று வருடம் கழித்து மில் கேட்டையே பூட்டினார்கள். கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு ஐந்து மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இருவரும் பெட்டியைக் கட்டினார்கள்.

ஊரில் மழை இல்லை. சோணை இறந்திருந்தார். கிணற்றில் பாறை தெரிந்தது. கருத்தக்கண்ணனுக்கு அதற்குள் மனைவி ஜெயக்கொடி, இரண்டு பெண் பிள்ளைகள். ஊர்க்காரர்கள் அவனை "ஆக்கிக்காரர்" என்றார்கள். அதில் கேலியும் இல்லை, மதிப்பும் இல்லை, ஒரு அடையாளம், அவ்வளவே. டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் படிப்பான். 'பார்வர்டு' என்றால் என்ன, 'கார்னர்' என்றால் என்ன என்று தெரிந்த ஆள் அந்த ஊரில் கிடையாது, சின்னக்கருப்பனைத் தவிர. அவனோ கிடைத்த இடத்தில் கூலிக்கு மண் வெட்டினான். டீக்கடையில் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அவன் டீ குடிக்க முடியும். ஆகவே கருத்தக்கண்ணன் இருக்கும்போது அவன் கடைக்கு வருவதில்லை. தான் எழுந்துபோய் அவனோடு நின்று குடித்திருக்கலாம். கருத்தக்கண்ணன் அப்படிச் செய்ததில்லை.

நாலு வருடம் இப்படிப் போனது. 1986-இல், பல வருடம் நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தலை அரசாங்கம் அறிவித்தது. அப்போதுதான் கண்ணுச்சாமி வந்தார்.

கண்ணுச்சாமி ஜெயக்கொடிக்கு உடன்பிறந்த அண்ணன். மேலூரில் மூன்று லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்காராமல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, நீங்க தலைவருக்கு நிக்கணும்."

"நானா? எனக்கு என்ன தெரியும் மச்சான்."

"தெரியணும்னு யாரு சொன்னா. இந்தத் தாலுகாவுல பேப்பர்ல படம் வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். மேலத்தெரு ரெண்டா ஒடைஞ்சு கெடக்கு. காலனி ஓட்டு மொத்தமா எங்குட்டு விழுகுதோ அவுகதான் தலைவரு. காலனியில ஒங்களுக்கு ஆள் இருக்கு."

ஜெயக்கொடி அடுப்படி நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சும்மா உக்காந்து பேப்பர் படிக்கிறதுக்கு இதைச் செய்யலாம்ல" என்றாள். அந்த 'சும்மா' அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

சின்னக்கருப்பன் காலனியில் வீடு வீடாகப் போனான். "நம்ம பக்கம் நின்னு பாக்குற ஆளு. நான் பதினஞ்சு வருசம் பின்னால நின்னு பாத்திருக்கேன்" என்று சொன்னானாம். ஒரு ஓட்டுப் பிசகாமல் விழுந்தது. கருத்தக்கண்ணன் அறுபத்திரண்டு ஓட்டில் ஜெயித்தான். ஊர் மந்தையில் மாலைகள் விழுந்தன. அன்றிலிருந்து அவன் எல்லோருக்கும் தலைவர். அவர் வெள்ளைச் சட்டை போடத் தொடங்கினார். மதுரையிலும் மேலூரிலும் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். "இந்திய அணி முகாம் வரை சென்ற வீரர், இன்று மக்கள் தொண்டர்" என்று மைக்கில் சொல்வார்கள். கேட்கும்போது உடம்புக்குள் பழைய சூடு பரவும். மில் பூட்டிய நாளிலிருந்து செத்துக் கிடந்த எதுவோ எழுந்து உட்காரும்.

ஆறாவது மாதம் கண்ணுச்சாமி ஒரு காகிதத்தோடு வந்தார். ஊருக்கு வடக்கே குருவிப்பாறையில் கல் உடைக்க அவர் மனுப் போட்டிருந்தார். பாறை அரசாங்கப் புறம்போக்கு. பஞ்சாயத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தீர்மானம் வேண்டும்.

"வெடி வைப்பீகளா மச்சான்?"

"வைக்காம கல்லு தானா வருமா. அனுபவமுள்ள ஆளுக இருக்காங்க. நம்ம ஊர் ஆளுக்குத்தான் வேலை. இந்தப் பஞ்சத்துல வேலை குடுத்த தலைவர்னு பேரு எடுங்க."

தீர்மானம் நிறைவேறியது. ஆனால் காலனி ஆட்கள் வேலைக்கு வரத் தயங்கினார்கள். இதே மாதிரி ஒரு குவாரியில் கை போன ஒருவனை அவர்களுக்குத் தெரியும். கண்ணுச்சாமி சொன்னபடி கருத்தக்கண்ணன் ஓடையைத் தாண்டிக் காலனிக்குப் போனார். தலைவரான பிறகு அதுதான் முதல் தடவை. வேப்பமரத்தடியில் நின்று பேசினார். வெடிக்கு முன்னால் விசில் ஊதுவார்கள், சிவப்புக் கொடி கட்டுவார்கள், வெடித்த பிறகு ஆள் போய்ப் பார்த்த பின்தான் உள்ளே விடுவார்கள் என்றார். சொன்னதெல்லாம் கண்ணுச்சாமி சொல்லிக்கொடுத்தது.

சின்னக்கருப்பனின் மனைவி மலையம்மாள் கூட்டத்திலிருந்து கேட்டாள். "ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு" என்றார் கருத்தக்கண்ணன்.

மறுநாள் மலையம்மாள் வேலைக்குப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். ஆண்கள் பாறையில் குழி போட்டார்கள். பெண்கள் உடைந்த கல்லைக் கூடையில் சுமந்தும், சின்னச் சுத்தியலால் ஜல்லியாக உடைத்தும் வந்தார்கள். சின்னக்கருப்பனும் குழி போடும் கூட்டத்தில் சேர்ந்தான்.

விபத்து நடந்தது 1987, மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டம். பரிசு வழங்கக் கருத்தக்கண்ணனை அழைத்திருந்தார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார். காலை ஆட்டமும் பார்க்க வேண்டும், பழைய ஆட்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மத்தியானம் பழைய சென்டர்ஃபார்வர்டு ஒருவர் வீட்டில் கறிச்சோறு. சாயங்காலம் மைதானத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். கோப்பையை ஜெயித்த அணித்தலைவன் கையில் கொடுக்கும்போது போட்டோ எடுத்தார்கள்.

இங்கே குவாரியில் பகல் பதினொரு மணிக்கு ஐந்து குழிகளில் மருந்து வைத்துத் திரி கொளுத்தினார்கள். நாலு வெடித்தது. ஐந்தாவது வெடிக்கவில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய மேஸ்திரி எண்ணவில்லை. லாரி லோடுக்காக நின்றது. "ம், போங்க போங்க" என்று அவன் பெண்களை உள்ளே அனுப்பினான். கூடையோடு முன்னால் போனவர்கள் மலையம்மாளும் இருளாயி என்ற கிழவியும். ஐந்தாவது குழி அப்போது வெடித்தது.

ராத்திரி எட்டு மணிக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டில் கருத்தக்கண்ணன் இறங்கியபோது கண்ணுச்சாமியின் டிரைவர் காத்திருந்தான். விஷயத்தைச் சொன்னான். இருவரும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பின்பக்கத்துப் பிணவறைச் சுவரோரம் காலனி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சின்னக்கருப்பன். அவன் மகள் தங்கப்பொண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அப்பன் மடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தது. தோளில் பொன்னாடை கிடப்பது கருத்தக்கண்ணனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இழுத்துச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தார். பக்கத்தில் போய் உட்கார நினைத்தார். பத்தடி தூரத்திலேயே கால் நின்றுவிட்டது. சின்னக்கருப்பன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

மூன்றாம் நாள் கண்ணுச்சாமி வீட்டுக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"தாசில்தார் விசாரணை வருது மாப்ள. விசில் ஊதுனாங்களா, கொடி கட்டியிருந்துச்சா, இதுதான் கேள்வி. விசில் ஊதி, கொடி கட்டியிருக்கறப்ப அந்தப் பொம்பளைக தானா உள்ள நொழைஞ்சுட்டாங்கன்னா ஒண்ணுமில்ல. இல்லைன்னா நான் உள்ள போகணும்."

"விசிலு ஊதுனாங்களா?"

"அதை எதுக்குக் கேக்குறீக. ஊதுனாங்கன்னு நீங்க சொல்லணும். மேஸ்திரி சொன்னா எடுபடாது. தலைவர் சொன்னா எடுபடும். அந்த நேரத்துல நீங்க குவாரி ஆபீஸ்ல இருந்தீக."

"நான் மதுரையில இருந்தேன் மச்சான்."

"எப்பக் கெளம்புனீகன்னு யாருக்குத் தெரியும்."

கருத்தக்கண்ணன் முடியாது என்றார். இரண்டு நாள் முடியாது என்றே சொன்னார். இரண்டாம் நாள் ஜெயக்கொடி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை.

"மில்லைப் பூட்டிட்டு நீங்க வந்து உக்காந்திருந்த நாலு வருசமும் இந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சது எங்கண்ணனாலதான். ஒங்ககிட்ட சொல்லல. மனசு கஷ்டப்படுவீகன்னு சொல்லல" என்றாள். "செத்தவ திரும்பி வரப்போறதில்ல. இருக்கறவனை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் எப்பிடி இந்த வீட்டுல இருக்க?"

அவர் தட்டிலிருந்த சோறு ஆறிக் கட்டியாகும்வரை உட்கார்ந்திருந்தார்.

விசாரணை பஞ்சாயத்து ஆபீஸில் நடந்தது. தாசில்தார் வயதானவர், சளி பிடித்திருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மேஸ்திரி விசில் ஊதினேன் என்றான். காலனிப் பெண்கள் இரண்டு பேர் விசிலும் கேட்கவில்லை, கொடியும் இல்லை என்றார்கள். பிறகு தலைவரைக் கேட்டார்.

"சம்பவத்தப்ப நான் குவாரி ஆபீஸ்ல இருந்தேன். விசில் சத்தம் கேட்டேன். கொடியும் பாத்தேன்" என்றார் கருத்தக்கண்ணன். மனப்பாடம் செய்த செய்யுளைப்போல ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அப்போது சின்னக்கருப்பன் எழுந்து வந்தான். மடித்து வைத்திருந்த ஒரு செய்தித்தாளைத் தாசில்தார் முன்னால் மேஜையில் விரித்தான். திங்கட்கிழமைப் பேப்பர். ரேஸ்கோர்ஸ் மைதானம், கோப்பை, பொன்னாடை, கருத்தக்கண்ணன்.

"அன்னிக்கு இவுக ஊர்லயே இல்லைங்கய்யா" என்றான்.

தாசில்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "நேற்று மாலைன்னு போட்டிருக்கு. சம்பவம் காலையில பதினொரு மணி." அவர் கருத்தக்கண்ணனைப் பார்த்தார். "நீங்க மதுரைக்கு எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க?"

ஆபீஸுக்குள் இருபது பேர் இருந்தார்கள். வாசலில் அதற்கு மேல். எல்லோருடைய கண்ணும் அவர்மேல் இருந்தது, கண்ணுச்சாமியுடையதும் சேர்த்து. கருத்தக்கண்ணன் சின்னக்கருப்பனைப் பார்த்தார். அவன் முகத்தில் கோபம் இல்லை. காத்திருந்தான். உண்மையைச் சொல்வார் என்றே அவன் நினைத்தான் என்பது அந்த முகத்தில் பச்சையாகத் தெரிந்தது. பேப்பரைக் கொண்டுவந்தது அவரை மாட்டிவிட அல்ல. அவருக்கு ஒரு வழி திறந்துவிட. இந்தச் சாக்கில் சொல்லிவிடு, மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடு. இதெல்லாம் அந்த இரண்டு மூச்சு நேரத்தில் அவருக்குப் புரிந்தது. புரிந்துதான் சொன்னார்.

"மதியம் ரெண்டு மணிக்கு மேல கெளம்புனேன்."

தாசில்தார் எழுதிக்கொண்டார். செய்தித்தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சின்னக்கருப்பன் அதை வாங்கிக்கொண்டு, "சரிங்கய்யா" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். கருத்தக்கண்ணன் பக்கம் திரும்பவில்லை.

மூன்று வாரத்தில் குவாரி மறுபடி திறந்தது. காலனியிலிருந்து முதலில் ஒருவரும் போகவில்லை. பிறகு இரண்டு பேர் போனார்கள். சித்திரைக்குள் பாதிப் பேர் போனார்கள். வேறு வேலை இல்லை.

கருத்தக்கண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடு போயிற்று. வெடிச்சத்தம் கேட்கும் நேரத்துக்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதனால் சத்தம் குறையப்போவதில்லை. ஒருநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் மேலூர் தாலுகா ஆபீஸுக்குப் போனார். தான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், வருவது வரட்டும் என்று கிளம்பினார். அங்கே போய் விசாரித்தால், அந்தத் தாசில்தார் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் கிராமங்களுக்கு முகாம் போயிருந்தார். தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கிளார்க் ஒருவர் அடையாளம் கண்டு வந்தார்.

"என்ன தலைவரே, இங்க உக்காந்திருக்கீக?"

விஷயத்தை அரையும் குறையுமாகச் சொன்னார். கிளார்க் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த பைலை மூடி மேல அனுப்பியாச்சு. இப்பப் போயி வாக்குமூலத்தை மாத்துனா மொதல்ல ஒங்க மேலதான் கேஸ் வரும். செத்தவங்களுக்கு அதனால என்ன? மனசைப் போட்டு ஒளப்பிக்காதீங்க. வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்."

டீ வாங்கிக் கொடுத்தார். கருத்தக்கண்ணன் குடித்தார். எழுதிக்கொண்டு போயிருந்த காகிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. உண்மையில் அவருக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. கேஸ் வராது. அந்த நிம்மதியைக் கண்டுகொண்டபோதுதான், தன்னிடம் இனிமேல் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பி நேரே காலனிக்குப் போனார். சின்னக்கருப்பன் கூரையிலிருந்து ஓடுகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். தங்கப்பொண்ணு பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

"தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தேன்" என்றார் கருத்தக்கண்ணன். "நெசத்தைச் சொல்லத்தான் போனேன். பைலை மூடிட்டாங்களாம்."

"சரி."

"நான் எழுதி வச்சிருக்கேன். ஒங்கிட்டயே தாரேன். நீ யாருகிட்ட வேணும்னாலும் குடு."

சின்னக்கருப்பன் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தான். "யாருகிட்டக் குடுக்க?" என்றான். நிஜமாகவே கேட்பது போலத்தான் கேட்டான்.

இன்னொரு ஓட்டை எடுத்துக்கொண்டு சின்னக்கருப்பன் சொன்னான். "அவ மொதல்ல போகமாட்டேன்னுதான் சொன்னா. நீங்க வந்து பேசிட்டுப் போன அன்னிக்கு, 'அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், போ'ன்னு நாந்தேன் அனுப்புனேன். எனக்கு அதைத்தேன் தாங்க முடியல. ஒங்களை நான் ஒண்ணும் நெனைக்கல."

அவன் வாயிலிருந்து வந்த 'ஒங்களை'. வெறுப்போடு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். ஊரார் எல்லோரும் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னான்.

"நான் எதாச்சும் செய்யணும்டா."

"போயிட்டு வாங்க. வெயிலு ஏறுது. நான் இதை அடுக்கி முடிக்கணும்."

கருத்தக்கண்ணன் நின்றார். ஓடுகளை எடுத்துக் கொடுக்கலாமா என்று குனிந்தார். தங்கப்பொண்ணு எழுந்து வந்து, அவர் கைவைத்த அடுக்கை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டது. அவர் ஓடையைத் தாண்டி வீட்டுக்கு நடந்தார்.

இரண்டு நாளில் அவர்கள் போய்விட்டார்கள். எந்தத் தெரு, எந்தக் கம்பெனி என்று ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த வருடம் கருத்தக்கண்ணன் ஒரு தடவை திருப்பூர் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்று, ஷிப்ட் முடிந்து வரும் கூட்டத்தைப் பார்த்தார். அம்புட்டுப் பேரில் ஒருவரைத் தேடுவது நடக்காத காரியம் என்று வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். சாயங்காலம் திரும்பிவிட்டார்.

தலைவர் பதவியை அவர் விடவில்லை. விடலாம் என்று ஜெயக்கொடியிடம் ஒருமுறை சொன்னார். "விட்டுட்டு?" என்றாள். கண்ணுச்சாமி இன்னும் இரண்டு லாரி வாங்கினார். விழாக்களுக்கு அழைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. அவரும் போய்க்கொண்டுதான் இருந்தார். மைக்கில் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்கும்போது, யாரோ ஒரு செத்துப்போன ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றும். முழங்கால் வலி ஏறிவிட்டது. மேடைப்படி ஏற இரண்டு பேர் கைபிடிக்க வேண்டும். மரியாதைக்காகப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

1989, ஐப்பசி. ஒரு காலையில் வாசலில் காலனிக் கிழவி சோணையம்மாள் நின்றாள். குவாரியில் மலையம்மாளோடு செத்த இருளாயியின் தங்கை. முதியோர் பென்ஷன் மனுவில் தலைவர் கையெழுத்து வேண்டும். மனுவைக் கொடுத்துவிட்டுப் படிக்குக் கீழேயே ஒதுங்கி நின்றாள். கருத்தக்கண்ணன் படித்தார். 'ஆதரிக்க யாரும் இல்லை' என்று எழுதியிருந்தது. அக்கா ஒருத்தி இருந்ததாகவும் இறந்துவிட்டதாகவும் ஒரு வரி இருந்தது. எப்படி என்று எழுதவில்லை.

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

கிழவி காகிதத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "நல்லாருப்பய்யா. புள்ளகுட்டியோட நூறு வருசம் நல்லாருப்ப" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

அவள் தெருவில் இறங்கி நடந்து ஓடைப் பக்கம் திரும்பும்வரை கருத்தக்கண்ணன் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அடுத்த ஆளை வரச் சொன்னார்.